மிச்சத் தாரில் ஒரு மேடு

கிராமத்தில் வேகத்தடை போடுவதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. எந்த அரசாணையிலும் அது எழுதியிருக்காது, ஆனால் எங்கள் காவிரி டெல்டாவில் ரோட்டோரமாக இருக்கும் எந்த ஊரில் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். முதலில் யாராவது அடிபட வேண்டும். அடிபட்டால் மட்டும் போதாது, பெரும்பாலும் சாக வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையாக இருக்கலாம், விடிகாலையில் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போன பெரியவராக இருக்கலாம். அரைமணி நேரத்தில் ரோட்டில் கருவேல முள் விழும், டீக்கடை பெஞ்சு குறுக்கே வரும், டவுன் பஸ் நிற்கும், அதற்குப் பின்னால் எல்லாம் நிற்கும். இன்ஸ்பெக்டர் வந்து பேசிப் பார்ப்பார், ஆகாது. தாசில்தார் வர வேண்டும். அவர் வந்து "ரெண்டு நாள்ல ஸ்பீடு பிரேக்கர் போட்டுடலாம்" என்று சொன்ன பிறகுதான் முள் விலகும். குடிதண்ணீர்த் தொட்டி கேட்டால் வருடக்கணக்கில் இழுக்கிற அரசாங்கம் இந்த ஒரு வாக்கை மட்டும் சொன்ன தேதிக்குக் காப்பாற்றிவிடும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் போட்டபோது நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். காலையில் ஒரு டிப்பர் வந்தது. வேறெங்கோ ரோடு போட்ட இடத்தில் மீந்துபோன தார்க்கலவை, வந்து சேர்வதற்குள் பாதி ஆறிவிட்டது. நான்கு பேர், மண்வெட்டி, இரும்புச் சட்டி, அவ்வளவுதான். ரோலர் கிடையாது. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு கயிற்றைப் பிடித்தார்கள், கலவையைக் கொட்டி வரப்பு கட்டுகிற மாதிரி இழுத்தார்கள், மண்வெட்டியின் முதுகால் தட்டினார்கள், அப்புறம் வந்த டிப்பரையே முன்னும் பின்னுமாக ஏற்றி இறக்கி அமுக்கினார்கள். "என்ன அளவுண்ணே போடுறீங்க?" என்று மேஸ்திரியிடம் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அளவு என்ன தம்பி அளவு, வண்டியில இருக்கிற கலவ தீர்ற வரைக்கும் போட வேண்டியதுதான். இன்னும் ஒசரமா வேணும்னுதான் ஊர்க்காரவுங்க கேப்பாங்க, கொறைக்கச் சொல்லி எவனும் கேட்டதில்ல" என்றார். உண்மைதான். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருத்தர், "இன்னும் ரெண்டு சட்டி போடுப்பா, அப்பத்தான் நிப்பானுவ" என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அளவு இல்லாமல் இல்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ், ஆங்கிலச் சுருக்கத்தில் ஐ.ஆர்.சி., என்று ஓர் அமைப்பு இருக்கிறது (கட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, 1934-இல் தொடங்கிய பொறியாளர் அமைப்பு). ரோடு சம்பந்தமான எல்லாவற்றுக்கும் அளவு எழுதிவைப்பது அவர்கள்தான். 1988-இல் வேகத்தடைக்கென்றே ஐ.ஆர்.சி. 99 என்ற எண்ணில் ஒரு வழிகாட்டி போட்டார்கள், 2018-இல் அதை விரித்துத் திருத்தி எழுதினார்கள். எல்லா வகை வண்டிகளும் போகிற ரோட்டுக்கு அதில் சொல்லியிருக்கும் மேடு இப்படி: உயரம் 10 சென்டிமீட்டர், வண்டி போகும் திசையில் நீளம் 3.7 மீட்டர், மேல்பக்கம் 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. கூர்மையே இருக்காது, மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறவருக்கு வயிறு குலுங்காது, அதற்கு மேல் போகப் போகத் தொந்தரவு கூடும். மேட்டின் மேல் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடிக்க வேண்டும், 40 மீட்டருக்கு முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும்.

நான் போய் டேப் வைத்து அளந்தேன். எங்கள் பள்ளிக்கூட மேட்டின் உயரம் நடுவில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. நீளம் இரண்டடி. அதாவது உயரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, நீளம் ஆறில் ஒரு பங்கு.

இதில் என்ன கெட்டுப்போச்சு, எப்படியோ வண்டி மெதுவாகப் போனால் சரி என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அந்த 3.7 மீட்டர் சும்மா வந்ததில்லை. 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் அரசுச் சாலை ஆய்வுக்கூடத்தில் வாட்ஸ் என்கிறவர் பல வடிவங்களில் மேடு செய்து, அவற்றின் மேல் பல வேகங்களில் வண்டி ஓட்டிப் பார்த்துத்தான் இந்த அளவுக்கு வந்தார். விஷயம் இதுதான்: குட்டையான மேட்டில் காரின் சக்கரம் ஏறி இறங்கும் அதிர்ச்சியை ஸ்பிரிங்கே வாங்கிக்கொள்கிறது, வண்டியின் உடம்பு மேலே எழும்புவதற்குள் மேடு முடிந்துவிடுகிறது. ஆகவே வேகமாகப் போகிற காரில் உட்கார்ந்திருப்பவருக்கு, மெதுவாகப் போகிறவரைவிடக் குறைவாகத்தான் உதறும். நீளமான மேட்டில் அந்தத் தந்திரம் செல்லாது. காரின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே இரண்டரை மீட்டர் சொச்சம்தான் என்பதால் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் மேட்டின் மேல் இருக்கும், வண்டி முழுசாக ஏறி முழுசாக இறங்கியே ஆக வேண்டும், வேகம் கூடக் கூட உள்ளே இருப்பவரைத் தூக்கிப் போடும். இப்படி யோசித்த முதல் ஆளும் அவர் இல்லை. எக்ஸ் கதிர்ச் சிதறலுக்காக 1927-இல் நோபல் பரிசு வாங்கிய ஆர்தர் காம்ப்டன், செயின்ட் லூயிஸ் நகரத்தில் தான் தலைமை வகித்த வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில் கார்கள் பறப்பது பொறுக்காமல் 1953-இல் தானே கணக்குப் போட்டு மேடு வடிவமைத்திருக்கிறார். நோபல் பரிசுக்காரர் உட்கார்ந்து கணக்குப் போட்ட விஷயத்தை நாங்கள் மண்வெட்டியின் முதுகால் முடித்துவிடுகிறோம்.

சரி, எங்கள் மேடு யாரைத் தடுக்கிறது? பெரிய டயர் போட்ட எஸ்.யு.வி. வந்த வேகத்தில் தடக் என்று ஏறிப் போய்விடும். ஜல்லி லாரி கொஞ்சம் தயங்கி, பின்கதவு அடித்துக்கொள்ள ஏறும், அந்தச் சத்தத்தில் மேட்டை ஒட்டிய வீட்டுக்காரர்கள் ராத்திரி முழுக்கத் தூங்க முடியாது. மாட்டிக்கொள்வது, ஏற்கெனவே மெதுவாகப் போகிறவர்கள். பால்காரர் ஒருவர் தினமும் டி.வி.எஸ். எக்ஸ்எல்லில் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு வருவார். மேட்டுக்கு முன்னால் வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தி, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, உட்கார்ந்தபடியே தவழ்வதுபோலத் தள்ளி ஏற்றுவார். ஏறின நிமிஷம் வண்டியின் அடிவயிறு மேட்டில் உரசும், கேன் மூடி கிணுங்கும், பின்சக்கரம் இறங்கும்போது கொஞ்சம் பால் வழிந்து சைலன்ஸரில் பட்டுப் பொசுங்கும். அந்த வாசனை அந்த இடத்துக்கே நிரந்தரம். புடவை கட்டிக்கொண்டு ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு, மடியில் பிள்ளையோடு பின்னால் உட்கார்ந்து வரும் பெண்களுக்கு என்ன பிடிமானம் இருக்கிறது? பழகினவர்கள் மேட்டுக்கு முன்னாலேயே இறங்கி நடந்து அந்தப் பக்கம் போய் ஏறிக்கொள்வார்கள். பழகாதவர்கள், அதிலும் ராத்திரியில் வெளியூரிலிருந்து வருகிறவர்கள், விழுவார்கள். மேட்டில் வெள்ளைப் பட்டை இல்லை, பலகை இல்லை, பக்கத்துக் கம்பத்து விளக்கு எரிந்தால் உண்டு. எதிரே வருகிற வண்டி ஹெட்லைட்டை ஹைபீமில் போட்டால் மேடு இருப்பதே தெரியாது. பஸ்ஸில் கடைசி சீட்டுக்காரர்கள் தனிக் கதை. டிரைவர் அசந்து வேகமாக ஏற்றிவிட்டால் கூரை வரைக்கும் எழும்பி உட்காருவார்கள், அப்படி உட்கார்ந்ததில் முதுகெலும்பு நொறுங்கியவர்களை எலும்பு டாக்டர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2015-ஆம் ஆண்டு விபத்து அறிக்கையில், வேகத்தடைக் கணக்கில் மட்டும் நாடு முழுக்க மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாக இருக்கிறது. உயிரைக் காப்பாற்றப் போட்ட மேட்டில்.

அப்புறம் தண்ணீர். எங்கள் பக்கம் ரோடு என்பது வாய்க்காலுக்கும் வயலுக்கும் நடுவே ஓடுகிற சமாச்சாரம், தண்ணீர் வடிய ஓரம் விட்டாக வேண்டும். ஓரத்தில் ஒரு முழம் விட்டு மேடு போட்டால் பைக்குகள் எல்லாம் அந்தச் சந்தில் நுழைந்து மண் தரையில் இறங்கிப் போகும், கொஞ்ச நாளில் அங்கே ஒரு தனிப்பாதையே விழுந்துவிடும், நடந்து போகிறவர்கள் ஒதுங்க இருந்த இடமும் போய்விடும். அதைத் தடுக்க யாராவது பெரிய கல்லைத் தூக்கிப் போடுவார்கள். கல் போட்டால் இருட்டில் அது இன்னொரு ஆபத்து. சந்தே விடாமல் ஓரம் வரை இழுத்துவிட்டாலோ, மழைத் தண்ணீர் மேட்டுக்கு முன்னால் குளமாக நிற்கும், தாருக்கும் தண்ணீருக்கும் ஆகாது, ஒரு ஐப்பசி அடைமழை போதும், மேட்டை ஒட்டியே முழங்கால் பள்ளம் விழுந்துவிடும். மேட்டையும் பள்ளத்தையும் சேர்த்து ஏறி இறங்குகிற அனுபவம் தெரியாதவர்கள் மார்கழியில் ஒரு தரம் எங்கள் பக்கம் வரலாம்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்வதென்றால், மேட்டால் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். வண்டி வேகம் குறைகிற இடம்தான் வியாபாரத்துக்கு இடம். சித்திரை வைகாசியில் மேட்டுக்கு இரண்டு பக்கமும் நுங்கும் வெள்ளரிப்பிஞ்சும் வந்துவிடும், தை மாதத்தில் பனங்கிழங்குக் கட்டு. ஊர்த் திருவிழா என்றால் இளவட்டங்கள் உண்டியலைக் குலுக்கிக்கொண்டு நிற்பதும் அங்கேதான், மேட்டில் ஏறப் பிரேக் பிடித்த கார்க்காரர் கண்ணாடியை இறக்காமல் தப்ப முடியாது. நுங்கு விற்கிற அக்காவிடம் மேட்டைக் குறைக்கப்போகிறார்கள் என்று ஒரு நாள் விளையாட்டுக்குச் சொன்னேன், "எவன் சொன்னது?" என்று அரிவாளை நிமிர்த்தினார்.

மந்திரி யாராவது வருகிறார் என்றால் மட்டும் மேடுகள் காணாமல் போகும். முதல் நாள் ராத்திரி ஜே.சி.பி. வந்து வழிநெடுக வழித்தெடுத்துவிட்டுப் போகும். கூட்டம் முடிந்து கொடிக்கம்பிகள் எல்லாம் போன பிறகும் மேடு திரும்பி வராது. அடுத்த சாவு வரைக்கும் காத்திருக்க வேண்டும். போடச் சொன்னது யார் என்று காகிதத்தில் இருந்தால்தானே எடுக்கச் சொன்னது யார் என்றும் இருக்கும்? என் குறையே இதுதான். மக்கள் கேட்டது நியாயம். கொடுத்ததுதான் மோசம், ஏனென்றால் அந்த மேட்டுக்கு யாருடைய கையெழுத்தும் கிடையாது. வரைபடம் இல்லை, அளவுப் புத்தகத்தில் பதிவு இல்லை, மறியலை அன்றைக்குக் கலைத்தாக வேண்டும், அதற்கு ஒரு டிப்பர் மிச்சத் தார். யாராவது அதில் விழுந்து செத்தால் கேள்வி கேட்க ஆளில்லாமல் இருப்பதற்கும் இதுதான் காரணம்.

தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் கதை வேறு. அங்கே மேடு கேட்டால் விதி இல்லை என்பார்கள். 2016-இல் மத்திய அமைச்சகம் தேசிய நெடுஞ்சாலைகளில் இருக்கும் வேகத்தடைகளை எடுத்துவிடச் சொல்லிச் சுற்றறிக்கையே அனுப்பியது, அவசியமான இடத்தில் தடதடக்கும் பட்டைகள் (சக்கரம் ஏறினால் வண்டி அதிர்கிற மாதிரி வரிசையாகப் போடும் மெல்லிய கோடுகள்) போட்டுக்கொள்ளலாம் என்ற விலக்கோடு. எண்பதில் வரும் வண்டிக்கு முன்னால் திடீரென்று மேடு வைப்பது தவறுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ரோட்டுக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் ரேஷன் கடையுமாக இருக்கிறவர்கள் எப்படிக் கடப்பார்கள் என்று சுற்றறிக்கையில் கேட்டுப் பயனில்லை. அங்கே போலீஸ்காரர்கள் பேரிகார்டு வைக்கிறார்கள். நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரம் போட்ட இரும்புத் தடுப்பு, ஒன்று இந்தப் பக்கம், பத்தடி தள்ளி ஒன்று அந்தப் பக்கம், வண்டி பாம்பாக வளைந்து போக வேண்டும். வடிவம் என்று பார்த்தால் இது நம் மிச்சத் தார் மேட்டைவிட நல்ல யோசனை, ஐரோப்பிய ஊர்களில் ரோட்டையே வேண்டுமென்றே வளைத்துப் போடுவதும் இதே கணக்குத்தான். ஆனால் இங்கே ஒட்டின ஒளிரும் ஸ்டிக்கர் மூன்று மாதத்தில் உரிந்துவிடும், சிவப்பு விளக்கு பாட்டரி தீர்ந்து நின்றுவிடும், காற்றில் நகர்ந்த தடுப்பு நடுரோட்டில் கறுப்பாக நிற்கும்.

மேடு எதற்குத் தேவைப்பட்டது என்று யோசித்தால் ரோட்டின் மேல்தான் வந்து முடிகிறது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் ரோடு ஒற்றை வண்டித்தடம், எதிரே பஸ் வந்தால் சைக்கிள் மண்ணில் இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் புளியமரம், அடியில் கறுப்பு வெள்ளைப் பட்டையும் எண்ணும் போட்டிருக்கும், வருடா வருடம் புளி உலுக்க ஏலம் விடுவார்கள். மேலே கிளைகள் கூடி நிழல் மூடியிருக்கும், தூரம் தெரியாது, அதனாலேயே யாரும் பறக்க மாட்டார்கள். (மரத்தில் மோதிச் செத்தவர்களும் உண்டு, பழைய காலம் பொன்னான காலம் என்று சொல்ல வரவில்லை.) பிறகு அகலப்படுத்தினார்கள். 3.75 மீட்டர் 7 மீட்டர் ஆனது, மரங்கள் போயின, வளைவை நிமிர்த்தினார்கள், நடுவில் வெள்ளைக் கோடு வந்தது. நல்ல ரோடு, கோபித்துக்கொள்ள முடியாது, பிரசவ வலி கண்டவளைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோகும் நேரம் பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆனால் அந்த 7 மீட்டர் வயல்வெளியில் எப்படி ஓடியதோ அதே அகலத்தில், அதே நேர்க்கோட்டில் ஊருக்குள்ளும் ஓடுகிறது. ஊர் எங்கே தொடங்குகிறது என்று ரோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. 30 என்று எழுதிய வட்டப் பலகை ஒன்று உண்டு, காதுகுத்து பிளெக்ஸுக்குப் பின்னால்.

அந்த 30-க்குச் சட்டத்தில் என்ன பலம் என்று கேட்டால் அதுவும் சங்கடம்தான். 2018 ஏப்ரலில் மத்திய அரசு அறிவித்த உச்ச வேகப்படி, நெடுஞ்சாலை அல்லாத சாதாரண ரோடுகளில் காருக்கு 70, பைக்குக்கு 60 என்று இருந்தது. மாநில அரசு குறைத்துக்கொள்ளலாம், குறைத்து அறிவிக்காத இடத்தில் எழுபதுதான் என்பது நிலைமை, 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்யும் வரை. எழுபது கிலோமீட்டர் என்றால் ஒரு வினாடிக்கு 19 மீட்டர் சொச்சம். திண்ணையிலிருந்து குழந்தை ஓடி வருவதை டிரைவர் பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்கில் வைப்பதற்குள் ஒரு வினாடி போய்விடும், அதற்குள் வண்டி இரண்டு மூன்று வீட்டைத் தாண்டியிருக்கும். மோதும் வேகம் முப்பதிலிருந்து அறுபதானால் அடியின் பலம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் சாவு விளைவிக்கும் விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வேகத்தைக் குறை என்று ஊர்க்காரர்கள் ரோட்டில் உட்காருவது வெறும் ஆத்திரமில்லை, கணக்கும் அவர்கள் பக்கம்தான்.

ரோடு தானாகவே மெதுவாகிற ஒரு காலம் எங்கள் பக்கம் வருடத்துக்கு இரண்டு முறை வரும். அறுவடை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள், காயவைக்கக் களம் போதாது, ரோட்டைத் தவிர வேறு வழியில்லை. ரோட்டின் ஒரு பாதி முழுக்கப் பொன்னிறமாக நெல், ஓரத்தில் கரைகட்டிச் செங்கல்லும் பாறாங்கல்லும், நடுநடுவே காலால் நெல்லைக் கிண்டிக்கொண்டு நடக்கும் பெண்கள். மிச்சமிருக்கிற பாதியில் பஸ்ஸும் லாரியும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஊர்ந்து போகும். அந்த நாட்களில் எங்கள் ஊருக்குள் பகலில் யாரும் நாற்பதைத் தாண்டி நான் பார்த்ததில்லை. மேடே தேவையில்லை, ரோடு ஒடுங்கினால் போதும், ரோட்டில் ஆள் நடமாட்டம் கண்ணில் பட்டால் போதும். ஆனால் சாயங்காலம் நெல்லை அள்ளிக்கொண்டு கல்லை மட்டும் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், ராத்திரி பைக்கில் வருகிறவன் அதில் மோதுவான். அதைச் சொல்லப்போனால், "எங்க நெல்லு மழையில முளைச்சப்ப நீ எங்க இருந்த?" என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதிலில்லை.

நெதர்லாந்தில் ஹான்ஸ் மாண்டர்மான் என்று ஒரு போக்குவரத்துப் பொறியாளர் இருந்தார், 2008-இல் இறந்துபோனார். ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில் அவுடஹாஸ்க என்ற கிராமத்துக்குள் கார்கள் வேகமாகப் போகின்றன என்று புகார் வந்தபோது, மேடும் பலகையும் வைக்காமல், இருந்த பலகைகளையும் எடுத்துவிட்டு, ரோட்டைத் தார்ச்சாலை மாதிரி இல்லாமல் ஊர்த்தெரு மாதிரி செங்கல் பாவி மாற்றினார். இது யாரோ குடியிருக்கும் இடம் என்று டிரைவருக்கு உறைத்தது, வேகம் வெகுவாகக் குறைந்தது. கேட்க ரொம்ப அழகாக இருக்கிறது. ஆனால் அப்படியே இங்கே கொண்டுவந்தால் வேலைக்கு ஆகும் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ரோட்டில் வேகமாகப் போகிறவர்களில் முக்கியமானவர்கள் தனியார் பஸ் டிரைவர்கள். அவர்களுக்கு டைமிங் இருக்கிறது, முன்னால் போகிற பஸ் ஏற்றிக்கொள்ளும் ஒவ்வொரு ஆளும் இவர்களுக்கு நஷ்டம், பின்னால் வருகிற பஸ்காரன் பஸ் ஸ்டாண்டில் சண்டைக்கு நிற்பான். செங்கல் தரையைப் பார்த்து மனசு இளகுகிற நிலைமையில் அவர்கள் இல்லை. வேல்ஸ் நாட்டில் 2023 செப்டம்பர் 17 முதல் குடியிருப்புப் பகுதி ரோடுகளில் 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர், என்று பொதுவாகவே குறைத்தார்கள். அதை எதிர்த்து நாலரை லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. வேகம் குறைவதை விரும்புகிறவர்கள், அடுத்தவர் ஊரில் குறைவதை விரும்புவதில்லை, அது உலகம் முழுக்கப் பொதுதான் போலிருக்கிறது.

அதனால் எனக்கு மேடு வேண்டும். அளவோடு வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் என்றால் பிள்ளைகள் நடந்து கடக்கிற அகலத்துக்கு மேடை மாதிரி தட்டையாக, இரண்டு பக்கமும் சரிவோடு போட்டுவிடலாம், அதே ஐ.ஆர்.சி. வழிகாட்டியில் அதுவும் இருக்கிறது. ஊரின் இரண்டு எல்லையிலும் ரோட்டோரத்தை இழுத்துக் கொஞ்சம் ஒடுக்கி, இங்கே ஊர் தொடங்குகிறது என்று காட்டலாம். தடதடக்கும் பட்டைகளை வீடுகளுக்குத் தள்ளி முன்னாலேயே போடலாம், வீட்டு வாசலில் போட்டால் ராத்திரிச் சத்தம் தாங்காது. எல்லாவற்றையும்விட மலிவானது பெயிண்ட்டும் ஒரு விளக்கும். அதற்குக்கூட மறியல் செய்தால்தான் வருமா என்ன?

கிராமசபையில் இதைப் பேசினேன். தீர்மானம் போட்டார்கள். ஆனால் ரோடு ஊராட்சிக்குச் சொந்தமில்லை, ஆகவே தீர்மானத்துக்கு மரியாதை மட்டும் உண்டு, வேலை நடக்காது. ஆட்சியர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது, அங்கே போகிற மாதிரி எழுத வேண்டும். அதனால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் போய் மனு கொடுத்தோம். பள்ளித் தலைமையாசிரியர், ஊராட்சி உறுப்பினர் இரண்டு பேர், பால்காரர், நான். வழக்கமாக மனுவில் "உயரமான வேகத்தடை அமைத்துத் தருமாறு" என்று எழுதுவார்கள். நாங்கள் அந்த "உயரமான" என்பதை எடுத்துவிட்டு 10 சென்டிமீட்டர், 3.7 மீட்டர் என்று எழுதினோம், இருக்கிற மேட்டின் படத்தையும் டேப் வைத்து எடுத்து இணைத்தோம், வெள்ளைப் பட்டை, 40 மீட்டரில் பலகை, ஒரு விளக்கு, தண்ணீர் வடியக் குழாய், இவ்வளவும் கேட்டோம். மனுவை வாங்கின அலுவலர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஸ்பீடு பிரேக்கர் வேணும்னு தினம் பத்து மனு வருது சார், இருக்கறதைக் கொறைக்கச் சொல்லி இதான் மொத தடவ" என்றார். பக்கத்தில் நின்ற பால்காரர் விடவில்லை: "கொறைக்கச் சொல்லல சார், நீட்டச் சொல்றோம்."

ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து, மனு உரிய நடவடிக்கைக்காக இன்ன அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று தபால் வந்தது. அந்த அலுவலகத்திலிருந்து ஒரு இளம் உதவிப் பொறியாளர் பைக்கில் வந்தார். மேட்டில் ஏறும்போது அவர் வண்டியும் அடியில் உரசியது. இறங்கி வந்து அளந்து, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, இதை யார் போட்டது என்று எங்களிடமே கேட்டார். அவர்களுடைய பதிவேட்டில் அப்படி ஒரு வேகத்தடையே அந்த இடத்தில் இல்லையாம். இல்லாத ஒன்றைத் திருத்த மதிப்பீடு போட முடியாது, புதிதாக ஒன்று போடத்தான் மதிப்பீடு போடலாம், அதற்கு முதலில் இதை இடிக்க வேண்டும், இடிக்கத் தனி உத்தரவு வேண்டும் என்றார். எழுதி அனுப்பியிருக்கிறார். நடுவில் நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வெள்ளைப் பெயிண்ட் வாங்கி அடித்திருக்கிறோம், வெயிலில் இரண்டு மாதம் தாங்கும் என்கிறார்கள்.